இருளப்பன் பெயரில் ஒரு கணக்கு

அறுபத்திரண்டு. சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சுவரிலிருந்த திரையில் ஐம்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினோரு பேர். கம்போடியாவுக்கு வந்தும் பதினோரு நாள். இதென்னடா இந்தப் பதினொன்று நம்மை விடாமல் பிடிக்கிறது என்று சீனிராஜ் நினைத்தான், நினைத்த உடனே, சே, இதெல்லாம் ஒரு யோசனையா என்று தன்னையே வைதுகொண்டான், ஆனாலும் கண் திரையைவிட்டு நகரவில்லை. ஐம்பத்தொன்று ஐம்பத்திரண்டாயிற்று. பேங்கில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களெல்லாம் எண் ஏறினால் சந்தோஷப்படுகிறார்கள், குடையையும் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள், இவன் ஒருத்தன்தான் எண் அப்படியே நிற்காதா, மிஷின் கெட்டுப்போகாதா, கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொண்டிருந்தான். கரண்ட் எங்கே போகிறது? ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்தது. ஒண்ணுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போகலாம்தான், ஆனால் எழுந்தால் ஜெபஸ்டினும் எழுவான், காலையில் வேனை விட்டு இறங்கினதிலிருந்து அப்படித்தான், தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே வந்து, குடித்து முடிக்கும்வரை சிரித்த முகமாய்ப் பக்கத்தில் நின்றான். ஒரு ஆள் வாசலில் நின்று காத்திருக்கையில் ஒண்ணுக்கு வருமா? வராது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜெபஸ்டின் தூத்துக்குடிக்காரன். முப்பது வயசு இருக்கும். இவனை வேலைக்கு என்று வரவழைத்த கம்பெனியில், இந்தியாவிலிருந்து வருகிற ஆட்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பது சீனிராஜுக்கு முதல் நாள் விளங்கவில்லை. ஏர்போர்ட்டில் அவன் ஓடி வந்து பெட்டியை வாங்கி, "வாங்கண்ணே, சாப்ட்டீங்களாண்ணே, களைச்சுப் போயிருக்கீங்களே" என்றபோது கண்ணில் தண்ணீர் வராத குறைதான். தமிழ்க் குரல் கேட்ட நிம்மதியில் மனுஷன் உருகிப்போனான். அந்த உருகலிலேயே, "பாஸ்போர்ட்டைக் குடுங்கண்ணே, டூரிஸ்ட் விசாவை வேலை விசாவா மாத்தணும்ல" என்று அவன் கேட்டதும் எடுத்துக் கொடுத்தும்விட்டான். கேட்டான், கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. நாற்பத்திரண்டு வயசு, ராஜபாளையத்தில் நூல் மில்லில் பதினெட்டு வருஷம் டைம் ஆபீஸ் வேலை, நூறு ஆட்களின் அட்டையைப் பார்த்து யார் வந்தான் யார் வரவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன், தன் அட்டையைத் தூக்கி யாரோ ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு பதினோரு நாளாக வெறுங்கையோடு இருக்கிறான். மில்லை மூடினார்கள் என்பதற்காகப் புத்தியையுமா மூடிவிட்டுப் போனார்கள்? ஐம்பத்து மூன்று. ஜெபஸ்டின் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இவன் பாஸ்போர்ட், நீல அட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். கை நீளவில்லை.

விசா மாறவில்லை. அதையும் இன்று காலைதான் சொன்னார்கள். "டூரிஸ்ட் விசாவுலயே அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிரலாம்ணே, நமக்குத் தெரிஞ்ச பிராஞ்ச்தான், கம்பெனி லெட்டர் இருக்கு. சம்பளம் போடணும்லா?" சம்பளம் போடத்தானே. சம்பளத்துக்கு அக்கவுண்ட் வேண்டும்தானே, மில்லில்கூட அப்படித்தானே, வரிசையில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், அன்றைக்கு யாரும் பயப்படவில்லையே. அப்படி நினைத்தபோது மூச்சு கொஞ்சம் சீராயிற்று, அந்தச் சீரான மூச்சிலேயே சுகுமாரின் செருப்பு ஞாபகம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. சுகுமார் ஒரிசாக்காரன், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். அதிகம் பேசமாட்டான். நான்காம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அரைகுறை இங்கிலீஷில், "பேங்க் முடிஞ்சுதா?" என்று கேட்டான். இல்லை என்றான் சீனிராஜ். "நல்லது" என்றான் அவன். என்ன நல்லது? அதைக் கேட்பதற்குள் எழுந்து போய்விட்டான். மறுநாள் அவனை பேங்குக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார்கள். பேங்க் முடிந்தவர்களெல்லாம் ஐந்தாம் மாடி, சாப்பாடு மேலேயே போய்விடும், ஒருத்தரும் கீழே வருவதில்லை. படியடியில் அவன் செருப்பு கிடந்தது. சிவப்பு வார் வைத்த ரப்பர் செருப்பு. ஒரு நாள் கிடந்தது, இரண்டு நாள் கிடந்தது, ஒரு வாரமாய் அங்கேயேதான் கிடக்கிறது. கூட்டுகிறவள் அதைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறாள். மேலே வேறு செருப்பு கொடுத்திருப்பார்களாக்கும். கம்பெனி பெரிய கம்பெனி, செருப்பு கொடுக்காமலா இருப்பார்கள். அட கிறுக்கா, செருப்பு கொடுக்கிற கம்பெனியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஐம்பத்தாறு. எப்போது ஐம்பத்து நாலும் ஐந்தும் போயின? காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஜெபஸ்டினைப் பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனான். தெரிந்த பிராஞ்ச் என்றானே, நிஜம்தான். எத்தனை பேரைக் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பான்? இதே நாற்காலியில்தான் சுகுமாரும் உட்கார்ந்தானோ என்று தோன்றியதும் தொடைக்குக் கீழே நாற்காலி சுடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு குளிரிலும். முந்தின வாரம் ஜெபஸ்டின் கொடுத்த பேங்க் பாரத்தைப் பற்றி யோசித்தான். மூன்று பக்கம். பாதி இங்கிலீஷ், பாதி கம்போடியா எழுத்து. அதில் போன் நம்பர் என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு நம்பர் எழுதியிருந்தது. "இது என் நம்பர் இல்லையே தம்பி" என்றான். "கம்பெனி நம்பர்ணே, ஓடிபி எல்லாம் அதுக்கு வரும், உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை" என்றான் ஜெபஸ்டின். தொல்லைதான் என்று இவனும் தலையாட்டினான். என் அக்கவுண்ட், என் முகம், என் கையெழுத்து. நம்பர் மட்டும் அவர்களுடையது. ஏடிஎம் அட்டையும் அவர்களிடம்தான் இருக்குமாம். அப்படியானால் அதில் என்ன வரும், என்ன போகும், எந்த ஊர்க் கிழவன் போனில் ஏமாந்து அனுப்பிய காசு வரும், எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ் தேடினால் யாரைத் தேடும்? பாரத்தில் கையெழுத்துப் போட்டவனைத்தானே? இது இப்போது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது! அன்றைக்குத் தெரியவில்லை. இல்லை, அன்றைக்கும் தெரிந்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வந்தது, அதுதான் விஷயம்.

"இருலாபான்!" என்று யாரோ கூப்பிட்டார்கள். சீனிராஜ் திரையைப் பார்த்தான், ஐம்பத்தொன்பது. தன் எண் வரவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தான். "மிஸ்டர் இருலாபான்!" ஜெபஸ்டின் முழங்கையால் இடித்தான். "உங்களத்தாண்ணே. நம்பர் வரலைன்னாலும் கூப்பிடுவாங்க. நமக்குத் தெரிஞ்ச பொண்ணு." இருளப்பன். அட, அப்பா! ஒரு நொடி, ஒரே நொடி, சீனிராஜ் திரும்பி வாசலைப் பார்த்தான், மில் கேட்டின் வாட்ச்மேன் சட்டையோடு அப்பா உள்ளே வருவார் என்றா? செத்து இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாம் அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டர்க்காரன் செய்த வேலை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுகையில், "சர்நேம் என்னண்ணே?" என்றான். "நமக்கு ஏதுப்பா அது, இனிஷியல்தான். இ. சீனிராஜ்." "இனிஷியல் எடுக்காதுண்ணே. விரிச்சு அப்பா பேரைப் போட்டுருவோம்" என்று இருளப்பன் என்று தட்டிவிட்டான். ஊரில் அது ஒரு எழுத்து, புள்ளி வைத்து ஓரமாய் நிற்கும். விமானம் ஏறி இறங்கியதும் அதுவே ஆளாகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் இவன் இருலாபான். ஹாஸ்டல் கதவிலும் இருலாபான், சாப்பாட்டு அட்டையிலும் இருலாபான். பதினோரு நாளாக இவனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலி. ஜெபஸ்டின் ஒன்றில் உட்கார்ந்து உறையிலிருந்து பாஸ்போர்ட்டையும் பாரத்தையும் கம்பெனி லெட்டரையும் எடுத்து, சீட்டுக்கட்டைப் பரப்புகிற மாதிரி அவள் முன்னால் பரப்பினான். அவள் விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்தாள். "டூரிஸ்ட்" என்றாள். "லெட்டர் இருக்கு" என்றான் ஜெபஸ்டின். அவள் லெட்டரைப் பார்க்கவில்லை, சீனிராஜின் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்க்கிறாள்? தெரியுமா இவளுக்கு? தெரிந்துதான் திறந்து கொடுக்கிறாளா, தெரியாமல் திறந்து கொடுக்கிறாளா? ஒரு சின்ன கேமராவை இவன் பக்கம் திருப்பி, இடது பக்கம் பார்க்கச் சொன்னாள், வலது பக்கம் பார்க்கச் சொன்னாள், கண்ணை மூடித் திறக்கச் சொன்னாள். மூடினான். மூடிய கண்ணுக்குள் அப்பா மொய் எழுதுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கல்யாண வீட்டிலும் அப்பா தன் பெயரை எழுதச் சொல்லமாட்டார், "ராக்கம்மான்னு போட்டுக்கோங்க" என்று அம்மா பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஜனங்கள் சிரிக்கும். சீனிராஜும் சிரித்திருக்கிறான். மில்லில் பஞ்சுப் பொதி காணாமல் போன வருஷம், கேட் நோட்டில் அன்றைய ஷிப்டுக்கு எதிரே இருளப்பன் என்றுதான் எழுதியிருந்தது. அன்றைக்கு அவர் வேறொருத்தனுக்காக ஷிப்டு மாற்றி வந்திருந்தார், பாவம் என்று உதவி. போலீஸ் நோட்டைத்தான் படித்தது. இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் காலை ஊன்ற ஒரு மாதம் ஆயிற்று. பிறகு சாகும்வரை எந்தக் காகிதத்திலும் தன் பெயரை எழுதவிடவில்லை. அந்த மனுஷனின் பெயரை விரித்து, நீட்டி, கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்தத் திருட்டுப்பயல்களின் காகிதத்தில் ஏற்றப் போகிறேன். பெற்ற பிள்ளை நான். கண்ணைத் திறந்தபோது கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் மாதிரிக் கையெழுத்து அட்டைகளை எடுத்து வைத்தாள். ஐந்து அட்டை, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேண்டுமாம். பேனாவை ஜெபஸ்டினே மூடியைக் கழற்றிக் கொடுத்தான். அதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் போல, காகிதத்தைப் பார்த்தே படித்தாள். பாஸ்போர்ட்டில் விரலை வைத்து, "இருலாபான். யூ?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வேண்டும். பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். தலையை ஆட்டினால்கூடப் போதும். பேனா விரலில் வழுக்கியது. மூத்திரம் ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. ஐந்து கையெழுத்து, ஐந்தாம் மாடி, சிவப்பு வார், ஆமாம் சொல்லு, சொல்லிவிட்டுப் போ, சம்பளம் போடுவார்கள், போடமாட்டார்கள் என்று உனக்கே தெரியும், சொல்லு. வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து, "நோ" என்று வந்தது.

சொன்னது தானா என்று அவனுக்கே சந்தேகம். ஜெபஸ்டின் சிரித்தான். "மேடம், சவுத் இண்டியா. ஃபாதர் நேம். இண்டியன் சிஸ்டம், நோ பிராப்ளம்" என்று சரளமாய் எடுத்துவிட்டான். பிறகு தமிழில், சிரிப்பு மாறாமல், "அண்ணே, காமெடி பண்ணாதீங்க. போடுங்க." அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் வேடிக்கை, அவன் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறான். சீனிராஜும் உண்மையைத்தான் சொன்னான், டைம் ஆபீஸ் இங்கிலீஷில், ஆள் வராத நாளில் மேனேஜரிடம் சொல்கிற அதே குரலில். "மேடம். இருளப்பன், மை ஃபாதர். டெட். டூ இயர்ஸ் டெட்." அவள் விரல் அந்தப் பெயரின் மேலேயே நின்றது. "டெட்?" என்றாள். "டெட்" என்றான். "நாட் மீ. திஸ் நேம், அக்கவுண்ட், நோ. ஐ நோ சைன்." பேனாவை அட்டைக்கு மேல் குறுக்காக வைத்தான்.

அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடி அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடி வழியே ஜெபஸ்டினைப் பார்த்தார், சீனிராஜைப் பார்த்தார், ஏதோ சொன்னார். அந்த நேரம் முழுக்க ஜெபஸ்டின் பேசவில்லை. விரல்களை மட்டும் ஒவ்வொன்றாய் நெட்டி முறித்தான். பேசேன்டா பாவி, ஏதாவது பேசேன் என்று சீனிராஜுக்கு இருந்தது. நான் என்ன செய்துவிட்டேன், என்னத்தைச் செய்துவிட்டேன், இன்னும் காலம் தாழ்ந்துவிடவில்லை, சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடலாமா, கையெழுத்துப் போட்டுவிட்டால் இவன் பழையபடி சிரிப்பானே. இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது, அதை நினைத்து வெட்கமாயும் இருந்தது.

அவள் திரும்பி வந்தாள். பெயரில் சந்தேகம் இருப்பதால் இன்றைக்கு முடியாது என்றாள். பாஸ்போர்ட்டில் இருக்கிற ஆள் இவர்தான் என்று இந்தியத் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும், இவரே நேரில் போய் வாங்க வேண்டும். ஒரு சின்னக் காகிதத்தில் எம்பஸி என்று எழுதி அதற்குக் கீழே ஒரு போன் நம்பரையும் எழுதினாள். நம்பரை இரண்டு தடவை எழுத்து தடிக்கும்படி அழுத்தி எழுதியதை சீனிராஜ் பார்த்தான். ஏன் அழுத்தினாள்? பேனா சரியாக எழுதவில்லையோ? பிறகு அவர்கள் ஊர் மரியாதைப்படி இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினாள். ஜெபஸ்டினின் கை முன்னால் வந்தது. அவள் கொஞ்சம் திரும்பி, அதை சீனிராஜிடம் கொடுத்தாள். அவ்வளவு லேசான பொருள், ஒரு பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இல்லை. அதைக் கையில் வாங்கினபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"குடுங்கண்ணே, பத்திரமா வச்சுக்கிறேன்" என்றான் ஜெபஸ்டின்.

சீனிராஜ் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, வெறும் மார்போடு ஒட்ட அதைச் செருகிக்கொண்டான். குளிர்ந்த அட்டை தோலில் பட்டுச் சிலிர்த்தது.

ஜெபஸ்டின் குனிந்தான். காதருகில், தணிந்த குரலில், "எந்திரிடா" என்றான்.

அண்ணே இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து பதினோரு நாளாக வாய்க்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அண்ணே, ஒரு நொடியில் உதிர்ந்துவிட்டது. ஓ, அப்படியானால் எல்லாம் நிஜம்தான். ஐந்தாம் மாடி நிஜம், செருப்பு நிஜம், நான் பயந்ததில் ஒன்றுகூடப் பிரமை இல்லை. "வெளிய வேன் நிக்குது. நீயா வந்தா நல்லது. மலையடிப்பட்டி, ரெண்டாவது தெரு, பச்சைக் கேட்டு. உம் பொண்டாட்டி மாரீஸ்வரி காலைல ஏழு மணிக்குத் தனியா நடந்துதான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவா. ஊர்ல நமக்கு ஆள் இருக்கு." மாரீஸ்வரி. அந்த வளைவு, முள் கிடக்கும் வேலி, அவள் டிபன் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகவேகமாய் நடப்பாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எழுந்துவிடு. எழுந்து அவனோடு போய்விடு. இவனுக்கு எப்படித் தெரியும், பச்சைக் கேட்டு எப்படித் தெரியும், ஆள் அங்கேயே நிற்கிறானா, இப்போதே நிற்கிறானா? ஏழு மணி. தனியாக. இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? முதல் நாள் வேனில், "வீடு எங்கண்ணே, அண்ணி என்ன பண்றாங்க" என்று அவன் கேட்கக் கேட்க, வழி முழுக்க வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தது யார்? நான்தான். பச்சைக் கேட்டு என்றது நான், ஏழு மணி என்றது நான். நான் சொன்னதற்கு மேல் ஒரு சொல்கூட இவன் சொல்லவில்லை. ஆள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எழுந்து வேனில் ஏறிவிட்டால் மட்டும் மாரீஸ்வரிக்கு என்ன நல்லது நடந்துவிடப் போகிறது?

"எந்திரின்னு சொன்னேன்லா."

சுவரில் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. நாலு மணிவரை பேங்க் என்று கதவில் எழுதியிருந்தது. சீனிராஜ் இரண்டு கையாலும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டான். "மேடம்," என்றான், குரல் ஹாலுக்கே கேட்டது, பத்துப் பதினைந்து பேர் திரும்பினார்கள். "போன். எம்பஸி. யூ கால். நவ். ப்ளீஸ் மேடம்."

அவள் முதலில் ஜெபஸ்டினைப் பார்த்தாள். வாசலில் காவலாளியும் ஜெபஸ்டினைத்தான் பார்த்தான். கண்ணாடி அறைப் பெரியவர் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தார் என்று தெரியவில்லை. தோளில் ஜெபஸ்டினின் கை வந்து உட்கார்ந்தது, விரல்கள் மெல்ல அழுத்தின. ஒண்ணுக்கு, அது இனிமேல் நிற்காது, வெதுவெதுப்பாய்த் தொடையில் இறங்கிக் காற்சட்டையை நனைத்து நாற்காலியில் பரவிற்று, எல்லாரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், இங்கே ஒரு ஆள் இருந்தான் என்று பத்துப் பேருக்காவது ஞாபகம் இருக்கட்டும். அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள், இன்னும் எடுக்கவில்லை. சீனிராஜ் எழுந்திருக்கவில்லை.